கேமரா வாசலில் நின்றுவிட்டது

அப்பாவோடு உட்கார்ந்து படம் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாம் கதைக்குள் போய்விட்ட நேரமாகப் பார்த்து, சம்பந்தமே இல்லாத ஒன்றைக் கேட்டு வெளியே இழுத்துப் போட்டுவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் நூற்பாலைத் தொழிலாளி. ஓடுகிற எந்திரங்களுக்கு நடுவே நின்று, முதலாளியைப் பார்த்து உழைப்பின் பெருமை பற்றி இரண்டு நிமிடம் பேசுகிறான். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

அப்பா கேட்டார்: "ஏன்டா சாமி, மில்லுங்கறாங்க, ஒரு பொட்டுப் பஞ்சு பறக்கலையே? அத்தன பேரு தலையும் கருகருன்னு இருக்குது."

அதோடும் விடவில்லை. "இவன் பேசறது அவங்களுக்கு எப்படிக் கேக்கும்? ஃப்ரேம் ஓடறப்ப பக்கத்துல நிக்கறவன் கத்துனாலே கேக்காது."

அப்பா கோவையில் ஒரு நூற்பாலையில் 27 வருடம் சைடராக இருந்தவர். ரிங் ஃப்ரேம் என்பது பஞ்சுத் திரியை முறுக்கி நூலாக்கும் எந்திரம். நூற்றுக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுழலும். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் விரலால் ஒட்ட வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அதேதான். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பதால் உதட்டசைவையும் கைச்சாடையையும் வைத்துப் பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு இன்று இடது காது மந்தம். ஆனால் கல்யாண மண்டபத்தில் எதிர் வரிசையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். எங்கள் சொந்தக்காரர்கள் அவர் முன்னால் கிசுகிசு பேச மாட்டார்கள்.

பள்ளி விடுமுறை நாட்களில் நான் தூக்குப்போசியில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். வாசல் வரைக்கும்தான். வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வார். சங்கு ஊதும்வரை எதிரே வேப்பமரத்தடியில் நிற்பேன். கதவு திறக்கும். கருப்பு முடியோடு உள்ளே போனவர்கள் பஞ்சு ஒட்டி நரைத்துப்போய் வெளியே வருவார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பாவை அடையாளம் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு விளையாட்டு. உள்ளே என்ன நடந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, சினிமா பிறந்ததும் கிட்டத்தட்ட அந்த இடத்தில் நின்றுதான் என்று.

*

1895 மார்ச் மாதம். பிரான்சின் லியோன் நகரில், லூமியேர் குடும்பத்தின் தொழிற்சாலைக்கு எதிரே லூயி லூமியேர் தன் கருவியை நிறுத்துகிறார். புகைப்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலை அது. கதவு திறக்கிறது. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். பிறகு ஆண்கள். சைக்கிள்கள். ஒரு நாய். ஒரு நிமிடம்கூட ஆகாது, அவ்வளவுதான் படம். 'தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தொழிலாளர்கள்' என்ற அந்தப் படம்தான் அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று பாரிஸில் நடந்த புகழ்பெற்ற கட்டணக் காட்சியில் முதலில் ஓடியது.

டிசம்பர் காட்சியைப் பற்றி எல்லாச் சினிமா புத்தகங்களிலும் படிக்கலாம். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது மார்ச் 22 அன்று பாரிஸில் நடந்த காட்சி. பொதுமக்களுக்கானது அல்ல. தேசியத் தொழில்வளர்ச்சியை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றின் கூட்டத்தில்தான் இந்தப் படம் முதன்முதலில் திரையில் காட்டப்பட்டது. யோசித்துப் பாருங்கள். படம் எடுத்தவர் முதலாளி. நடித்தவர்கள் அவரிடம் சம்பளம் வாங்குபவர்கள். பார்த்தவர்கள் தொழில்துறைக்காரர்கள். இன்றைக்குக் கம்பெனி ஆண்டுவிழாவில் போடுகிற வீடியோவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1995இல், ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மானிய இயக்குநர் அதே தலைப்பில் ஒரு கட்டுரைப்படம் எடுத்தார். நூறாண்டு சினிமாவில் தொழிற்சாலை வாசல்கள் வருகிற காட்சிகளையெல்லாம் தேடித் தொகுத்து அவர் கவனப்படுத்திய விஷயம் எளிமையானது: பெரும்பாலான கதைப்படங்கள் வேலை முடிந்த பிறகுதான் தொடங்குகின்றன. காதல், சண்டை, பழிவாங்கல், குடும்பம் எல்லாமே வாசலுக்கு வெளியே நடப்பவை. மனிதன் விழித்திருக்கும் நேரத்தில் பாதி எங்கே போகிறதோ, அங்கே கேமரா அதிகம் போனதில்லை.

ஏன்? முதல் காரணம் அனுமதி. தொழிற்சாலைக்கு ஓனர் இருக்கிறார். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது என்று நினைக்கிறேன். கதை என்றால் ஏதாவது மாற வேண்டும். வேலை என்றால் எதுவும் மாறக் கூடாது. நேற்று ஒட்டிய மாதிரியே இன்றும் இழையை ஒட்ட வேண்டும், பத்தாயிரமாவது நூல்கண்டும் முதல் நூல்கண்டு மாதிரியே இருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். சினிமாவுக்கும் வேலைக்கும் பிறவிப் பகை.

*

அந்தத் 'திரும்பத் திரும்ப'வையே கதையாக்கியவர் சாப்ளின். 1913இல் ஹென்றி ஃபோர்ட் தன் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஒரு கார் அடிச்சட்டத்தைப் பூட்ட பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அடுத்த ஆண்டில் அது 93 நிமிடமாகக் குறைந்தது. ஆள் வேலையிடம் போக வேண்டியதில்லை, வேலை ஆளிடம் வரும். ஆனால் அது வரும் வேகத்தை ஆள் தீர்மானிக்க முடியாது. தொழிலாளர்கள் தாங்க முடியாமல் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்ட் நாள் கூலியை 5 டாலராக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்ளின் 1923இல் அந்தத் தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார். கிராமத்திலிருந்து திடகாத்திரமாக வந்த இளைஞர்கள் சில வருடம் பெல்ட்டில் நின்று நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாகிறார்கள் என்று ஒரு பத்திரிகையாளர் அவரிடம் சொன்னதும் மனதில் தங்கியது. 1936இல் 'மாடர்ன் டைம்ஸ்' வந்தது. நட்டு முடுக்கி முடுக்கி, பெல்ட்டை விட்டு வந்த பிறகும் கை தானாக முடுக்கிக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். சின்ன வயதில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் உரசிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் படத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, சாப்பாட்டு இடைவேளையை மிச்சப்படுத்த, வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஊட்டிவிடும் எந்திரம். இன்னொன்று, கழிப்பறையில் சிகரெட் பிடிக்கும் தொழிலாளியைச் சுவரில் உள்ள பெரிய திரையில் தோன்றித் திட்டும் முதலாளி. 1936இல் அது கற்பனை. வீட்டிலிருந்து வேலை செய்த இரண்டு வருடத்தில், பத்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். கழிப்பறைக்குப் போகும்போது ஃபோனையும் எடுத்துக்கொண்டு போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

*

கோவைக்கு வருவோம். இந்த ஊரில் சினிமாவும் ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன.

தென்னிந்தியச் சினிமாவின் முன்னோடிகளில் ஒருவரான சாமிக்கண்ணு வின்சென்ட் கோவைக்காரர், ரயில்வே ஊழியர். 1905இல் திருச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டப் போய்விட்டார். இன்றைய பாஷையில் சொன்னால் ரிசைன் பண்ணிவிட்டு ஸ்டார்ட்-அப். பிறகு 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. அதே பத்தாண்டில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. வின்சென்ட்டோடு அதில் பணம் போட்டவர்களில் ஆலை முதலாளிகளும் உண்டு. நூலில் வந்த லாபம் படச்சுருளுக்குப் போனது. படங்களில் ராஜாக்களும் தேவர்களும் முனிவர்களும் வந்தார்கள். சில மைல் தள்ளி மூன்று ஷிஃப்ட் ஓடிய ஆலை வரவில்லை. சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டது இந்த ஊரின் வரலாறு. அதே ஊரின் ஸ்டுடியோக்களில் புராணப்படங்களுக்கும் ராஜா கதைகளுக்கும் செட் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

தொழிலாளர்களை மையமாக வைத்த தமிழ்ப்படம் என்றால் 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' நினைவுக்கு வரும். இடதுசாரிகள் சேர்ந்து எடுத்தது. வங்காளத்தில் 'சின்னமூல்' எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்த நிமாய் கோஷ் இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசை, ஜெயகாந்தன் ஒரு பாட்டு எழுதினார். படம் ஓடவில்லை. ஆனால் கோஷும் எம்.பி.எஸ்ஸும் சினிமாவுக்குள்ளேயே தொழிற்சங்கங்கள் உருவாக முன்னால் நின்றவர்கள். லைட் தூக்குபவரும் வயலின் வாசிப்பவரும் தொழிலாளிதான் என்று சொன்னவர்கள். திரையில் தோற்றதை அவர்கள் ஸ்டுடியோ தளத்தில் ஜெயித்தார்கள் என்று சொல்லலாம்.

வெகுஜன சினிமாவில் வேலை வேறு விதமாக வந்தது. எம்.ஜி.ஆர் படத் தலைப்புகளை மட்டும் அடுக்கிப் பாருங்கள்: 'தொழிலாளி', 'படகோட்டி' (இரண்டும் 1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971), 'மீனவ நண்பன்' (1977). எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் பட்டியல் மாதிரி இருக்கும். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ரிக்‌ஷா இழுக்கிறவருக்குத் தன் தொழிலின் பெயர் போஸ்டரில் அத்தனை பெரிய எழுத்தில் வருவது சின்ன விஷயமா? ஆனால் அங்கே தொழில் என்பது நாயகன் போட்டுக்கொள்ளும் உடை. சட்டை அழுக்காகாத உடை.

ஒரு விதிவிலக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1964இல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில், ஒரு பாட்டு ஒலிப்பதிவாவதையே காட்டுவார்கள். எம்.எஸ். விஸ்வநாதனும் டி.எம். சௌந்தரராஜனும் இசைக்கலைஞர்களும் திரையிலேயே வேலை செய்துகொண்டிருப்பார்கள். தமிழ் சினிமா ஆசை ஆசையாக, நுணுக்கமாகக் காட்டிய பணியிடம் எது என்று கேட்டால், அது சினிமா ஸ்டுடியோதான்! தனக்குத் தெரிந்த ஆலைக்குள் மட்டும் அது தயங்காமல் நுழைந்தது.

*

வேலையைக் காட்டத் திணறிய தமிழ் சினிமா, வேலையின்மையை அற்புதமாகக் காட்டியது. 1980 என்ற ஒரே ஆண்டில் பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்' இரண்டும் வந்தன. பட்டம் வாங்கியவன் வேலை தேடி அலைவதில் கதை இருக்கிறது. இன்டர்வியூ, அவமானம், பசி என்று ஒவ்வொரு நாளும் மாறுகிறது. பாலசந்தரின் நாயகன் கடைசியில் முடிதிருத்தும் வேலையில் சேர்கிறான். வேலை கிடைத்ததும் படம் முடிந்துவிடுகிறது. ஃபரோக்கி சொன்னதன் மறுபக்கம் இது. அங்கே வேலை முடிந்ததும் படம் தொடங்கும், இங்கே வேலை தொடங்கியதும் படம் முடியும்.

தொழில் செய்து முன்னேறுவது? அதற்கு ஒரு பாட்டு போதும். 1992இல் வந்த 'அண்ணாமலை'யில் பால்காரன் ஹோட்டல் அதிபராவது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டுதான் தாராளமயம் வந்தது. யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாம், மேலே வரலாம் என்று நாடே நம்பத் தொடங்கிய நேரம். பாட்டு முடிவதற்குள் மாடு கட்டிடமாகும், சைக்கிள் காராகும். கடனுக்கு வட்டி எவ்வளவு, லைசென்ஸுக்கு எத்தனை நடை, முதல் மாதச் சம்பளம் எப்படிக் கொடுத்தான்... எதுவும் இருக்காது. இத்தனைக்கும் தமிழ்நாட்டுத் தொழில்களின் கதை முழுக்க அந்த விவரங்களில்தான் இருக்கிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி நடத்துபவரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும், நூல் விலையும் சாயப்பட்டறைச் செலவும் டாலர் மதிப்பும் சேர்ந்து ஒரு த்ரில்லரே சொல்லிவிடுவார்.

*

ஆபீஸ் என்று வரும்போது உலகின் இரண்டு பெரிய இயக்குநர்கள் வழி காட்டினார்கள்.

1952இல் குரோசாவாவின் 'இகிரு'. வாழ்தல் என்று பொருள். நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடமாகக் காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் வதனபே, தனக்கு வயிற்றில் புற்றுநோய் என்று அறிகிறார். படத்தின் ஆரம்பத்தில் சில பெண்கள் தங்கள் தெருவில் தேங்கிய சாக்கடையை மூடி ஒரு பூங்கா அமைத்துத் தரும்படி மனுவோடு வருகிறார்கள். இந்தத் துறை அந்தத் துறைக்கு அனுப்புகிறது, அது இன்னொன்றுக்கு, சுற்றிச் சுற்றிக் கடைசியில் தொடங்கிய மேஜைக்கே வந்துவிடுகிறார்கள். தாலுகா ஆபீஸுக்குப் போன யாருக்கும் இதற்கு சப்டைட்டில் தேவையில்லை. வதனபே மிச்சமிருக்கும் நாட்களில் அந்தப் பூங்காவைக் கட்டவைக்கிறார். அவர் செத்த பிறகும் படம் நீள்கிறது. துக்க வீட்டில் சகஊழியர்கள் குடித்துவிட்டு, இனி நாமும் அவரைப் போல வேலை செய்வோம் என்று சபதம் எடுக்கிறார்கள். மறுநாள் ஆபீஸில் பழைய கதையேதான். மாற்றம் ஒரு மனிதருக்குள் நிகழ்கிறது, அலுவலகம் அசைவதில்லை. வேலையைப் பற்றி இதைவிட நேர்மையாக ஒரு படம் பேசியதாக நான் நினைக்கவில்லை.

1960இல் பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்'. நியூயார்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, 31,259 ஊழியர்கள். நாயகன் 19ஆம் மாடியில் 861ஆம் நம்பர் மேஜையில் உட்கார்ந்திருப்பவன். முடிவே இல்லாமல் மேஜைகள் நீளும் அந்த ஹாலை உருவாக்க, கலை இயக்குநர் அலெக்ஸாண்டர் த்ரோனர் பின்னால் போகப் போகச் சின்னச் சின்ன மேஜைகளைப் போட்டு, கடைசி வரிசைகளில் உருவத்தில் சிறியவர்களை உட்காரவைத்தார். கண்ணை ஏமாற்றும் தந்திரம்தான். ஆனால் பெரிய கம்பெனியில் வேலை செய்தவனுக்கு அது தந்திரமாகத் தெரியாது. மேலே இருந்து பார்த்தால் நாம் அந்த அளவில்தான் தெரிகிறோம்.

தமிழில் ஒரு ஆபீஸ் படம் என்றால் நான் 1994இல் வந்த 'மகளிர் மட்டு'மைச் சொல்வேன். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமல் தயாரிப்பு. சிரித்துக்கொண்டே பார்த்ததில் அது எதைப் பற்றியது என்பதை மறந்துவிட்டோம்: பெண் ஊழியர்களைச் சீண்டும் ஒரு மேலதிகாரி. அதன் மூலம் 1980இல் வந்த 'நைன் டு ஃபைவ்' என்ற அமெரிக்கப் படம். அந்தத் தலைப்பே 1973இல் பாஸ்டன் நகரில் அலுவலகப் பெண்கள் தொடங்கிய ஒரு அமைப்பின் பெயர். ஆங்கிலப் படத்தில் மூன்று பெண்களும் மேஜை நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். தமிழில் மூன்றாவது பெண், ரோகிணி நடித்த பாப்பம்மா, துப்புரவுப் பணியாளர். நம் ஆபீஸ்களில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று தெரிந்து செய்த மாற்றம் அது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது 1997இல். சட்டம் வந்தது 2013இல். ஒரு காமெடி படம் மூன்று வருடம் முன்னால் போய் நின்றிருக்கிறது.

*

என் வேலையை முதலில் திரையில் பார்த்தது 1999இல் வெளியான 'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்தில். நான் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில், பத்து வருடம் தாமதமாக. நாயகன் பீட்டர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வங்கி நிரல்களைத் திருத்துகிறான். இரண்டு இலக்கத்தில் எழுதப்பட்ட வருடத்தை நான்கு இலக்கமாக்க வேண்டும். 2000 பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடக் கூடாது என்பதற்கான வொய்2கே வேலை. அவனுக்கு எட்டு மேனேஜர்கள். ஒரு அறிக்கையில் முன்பக்கம் வைக்க மறந்ததற்கு ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

பீட்டர் சலித்துக்கொண்ட அதே வேலையால்தான் நம் ஊர் மாறியது என்பது அந்தப் படத்துக்குத் தெரியாது. அமெரிக்க வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் பழைய கோபால் நிரல்களைத் திருத்தும் வேலை இந்தியாவுக்கு வந்தது அப்போதுதான். என் முதல் வேலையில் எனக்குக் கொடுக்கப்பட்ட நிரலில் ஒரு கமென்ட் இருந்தது: 1998ஆம் வருடத் தேதி, வருடப் புலம் மாற்றப்பட்டது என்ற குறிப்பு, பின்னால் வெறும் இனிஷியல். யார் அவர், சென்னையா, ஹைதராபாத்தா, ஆணா, பெண்ணா? கதவைத் திறந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒரு முகம். அதுவும் தெரியாத முகம்.

அப்பாவுக்கு என் வேலையைப் புரியவைக்க ஒருமுறை முயன்றேன். "எங்கயாவது இழை அறுந்தா ஒட்டறதுதானுங்கப்பா" என்றேன். "அப்ப எதுக்குடா இவ்வளவு சம்பளம்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

2009இல் வந்த 'அப் இன் தி ஏர்' படத்தில் ஜார்ஜ் க்ளூனியின் தொழில், மற்ற கம்பெனிகளுக்காகப் பறந்து போய் ஆட்களை வேலையை விட்டு அனுப்புவது. அதில் வேலை இழப்பவர்களாக வரும் பல முகங்கள் நடிகர்கள் அல்ல. செயின்ட் லூயிஸிலும் டெட்ராய்ட்டிலும் அந்த மந்தகாலத்தில் உண்மையிலேயே வேலை இழந்தவர்கள். அன்று அவர்கள் சொன்னதையோ, சொல்ல நினைத்ததையோ கேமரா முன் சொல்லச் சொன்னார் இயக்குநர். கதையில் ஒரு இளம்பெண் செலவைக் குறைக்க யோசனை சொல்வாள்: நேரில் போக வேண்டாம், வீடியோ காலில் அனுப்பிவிடலாம். க்ளூனியின் பாத்திரமே அதைக் கேட்டு அருவருக்கும்.

நான் இருந்த ஒரு நிறுவனத்தில் அது ஒன்பது நிமிடத்தில் நடந்து முடிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு என்னிடம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வந்தது. டீமில் உள்ள பதினோரு பேரையும் ஒன்றிலிருந்து பதினொன்று வரை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தெரியாது என்று சொன்னால் அது பொய். பத்தாவது இடத்திலும் பதினோராவது இடத்திலும் நான் எழுதிய இருவர் அந்த காலில் இருந்தார்கள். எச்.ஆர். படித்தார். நான் லீட் என்பதால் உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இருவரின் அக்கவுன்ட்டும் மூடப்பட்டுவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் வேலை செய்த மில் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, நோட்டீஸ் போர்டில் பெயர்களைத் தேடி நின்ற கூட்டத்தில் அவரும் ஒருவர்.

"அந்தப் பசங்க என்னடா சொன்னாங்க?"

"ம்யூட்ல வச்சிருந்தாங்கப்பா. கேக்கல."

"உதடு அசைஞ்சுதா?"

"கேமரா ஆஃப்ல இருந்துச்சுங்கப்பா."

அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

*

வேலையைச் சரியாகக் காட்டிய படங்கள் எல்லாமே ஏதோ ஒரு சின்ன உடல் விவரத்தைப் பிடித்திருக்கின்றன. பிரியதர்ஷனின் 'காஞ்சிவர'த்தில் பட்டு நெய்கிறவன், மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச் சேலை நெய்ய, நாள்தோறும் வாய்க்குள் ஒளித்துப் பட்டு நூலை வீட்டுக்குக் கடத்துகிறான். பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை என்பதைப் பக்கம் பக்கமாக வசனத்தில் எழுதலாம். வாயில் அடைத்த நூல் போதும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம் அதுதான்.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வில் (2010) அந்த விவரம், நிற்பது. தி. நகர் ரங்கநாதன் தெருவின் பெரிய துணிக்கடையில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு துணிக்கடைக்குப் போனால் விற்பனைப் பெண்ணின் காலைப் பார்க்காமல் இருக்க முடிந்ததா உங்களால்? 2018இல் கேரளம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. அங்கே அதற்காகப் பெண் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தியது. படத்தால் சட்டம் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாற்காலி இல்லாததை ஒரு குறையாக நம் கண்ணுக்குக் காட்டியதில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு.

சென்னையில் பின்னி மில் தெரியும் இல்லையா? இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவானது அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். 1921இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தைப் பார்த்த இடம். 1990களில் மூடப்பட்ட பிறகு, அதன் காலிக் கொட்டகைகள் படப்பிடிப்புத் தளமாயின. எத்தனையோ சண்டைக்காட்சிகளும் பாட்டுகளும் அங்கே எடுக்கப்பட்டன. ஆலைக்குள் கேமரா கடைசியில் போய்விட்டது. தொழிலாளி வெளியேறிய பிறகு.

லியோனில் லூமியேர் படம் எடுத்த தெருவுக்கு இன்று 'முதல் படத் தெரு' என்று பெயர். அந்தத் தொழிற்சாலைக் கொட்டகையின் மிச்சத்தைப் பாதுகாத்து, உள்ளே தியேட்டர் கட்டியிருக்கிறார்கள். எங்கள் மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. வேப்பமரமும் இல்லை. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். கேட்டில் செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணுங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா "யாரையும் இல்லீங்க" என்றார்.

அன்று ராத்திரி ஃபோனில் அந்த லூமியேர் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். உன்னிப்பாகப் பார்த்தார்.

"இவங்க வேலை செஞ்சுட்டு வர்ற மாதிரித் தெரியலையே. துணியெல்லாம் பளிச்சுன்னு இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. லூமியேர் வெவ்வேறு சமயங்களில் மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார். சிலவற்றில் தொழிலாளர்கள் வேலைக்கான உடையில் இல்லை, நல்ல உடுப்பில் இருக்கிறார்கள், படம் எடுப்பதற்காகவே திரும்ப அழைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சினிமா வரலாற்று ஆய்வாளர்கள் படச்சுருளை அலசிச் சொன்னதை அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். 27 வருடம் அந்த வாசலில் வெளியே வந்தவருக்கு, வேலை செய்த உடம்பு எப்படி இருக்கும் என்று தெரியாதா?

"இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். இந்த முறை ஆட்களைப் பார்க்கவில்லை. திறந்த கதவுக்குப் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்தார்.

"உள்ள என்ன ஓடுதுன்னு காட்டவே இல்லையே."

பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். இழை அறுந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாதாம், கதிரின் ஓட்டத்தில் ஒரு வெறுமை தெரியுமாம். இடது கையால் கதிரை நிறுத்தி, வலது கையால் நூல் முனையை இழுத்து, ஓடிவரும் பஞ்சோடு தொட வேண்டும். சோபாவில் உட்கார்ந்தபடி காற்றில் செய்து காட்டினார். விரல்கள் அத்தனை வேகமாகப் போயின. "மெதுவாப் பண்ணுங்கப்பா, புரியல" என்றேன்.

"மெதுவாப் பண்ணா ஒட்டாதுடா" என்றார்.

ஃபோன் என் கையில்தான் இருந்தது. கேமராவை ஆன் செய்தேன்.